மாலை ஆறு மணிக்குக் கேட்கும் இனிப்பு

குடியை விட்டு மூன்றாவது வாரம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் ஒரு பேச்சு தவறாமல் எழும். பெரும்பாலும் மனைவிதான் ஆரம்பிப்பார். "குடிக்கிறதில்ல சார், அது சத்தியம். ஆனா வீட்டுல சீனி டப்பா நிக்க மாட்டேங்குது. ராத்திரி பத்து மணிக்கு எந்திரிச்சுப் போயி நாட்டுச் சர்க்கரைய அள்ளி வாயில போட்டுக்கிறாரு. புள்ளைக்கு வாங்கி வச்ச சாக்லேட்டக்கூட விடுறதில்ல. இது என்ன சார் புதுப் பழக்கம்?" பக்கத்தில் இருப்பவர் தலையைக் குனிந்துகொள்வார். தள்ளாடிக்கொண்டு வீட்டுக்கு வந்த நாட்களில்கூட அவர் அப்படிக் குனிந்திருக்க மாட்டார்.

அந்தக் குனிவு எனக்குத் தெரியும். நானும் குடித்தவன், விட்டவன். விட்ட முதல் இரண்டு மாதம் என் சட்டைப்பையில் தேன்மிட்டாய் இல்லாத நாள் கிடையாது. அலுவலகத்தில் மேசை இழுப்பறைக்குள் மிட்டாயை ஒளித்து வைத்துத் தின்றேன். முன்பு பாட்டிலை ஒளித்து வைத்த அதே இழுப்பறை. மறுபடியும் எதற்கோ அடிமையாகிக்கொண்டிருக்கிறேன் என்ற பயத்தில் இரவெல்லாம் தூங்காமல் கிடந்திருக்கிறேன். அன்று எனக்கு யாரும் சொல்லாததை உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியை விட்டவருக்கு இனிப்பு கேட்பது இயல்பு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முதல் மூன்று மாதம் அது உங்களுக்கு ஊன்றுகோலாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கால் தேறியபின் ஊன்றுகோலைக் கீழே வைத்துக்கொள்ளலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் கல்லீரல் பழுதானவர்களுக்கும் மட்டும் கணக்கு வேறு. அவர்கள் இந்த அத்தியாயத்தின் பின்பகுதியைப் படிக்காமல் மிட்டாயில் கை வைக்க வேண்டாம்.

ஏன் கேட்கிறது?

"சரக்குல சர்க்கரை இருக்கு, அது நின்னு போனதால உடம்பு கேக்குது" என்று பலர் சொல்வார்கள். பிராந்தி, ரம், விஸ்கி எல்லாம் காய்ச்சி வடித்தவை. அவற்றில் சர்க்கரை ஏறக்குறைய இல்லை. நின்றுபோனது வேறொன்று. ஒரு கிராம் ஆல்கஹால் உடலுக்கு 7 கலோரி தருகிறது. சோற்றில் உள்ள ஒரு கிராம் மாவுச்சத்து தருவது 4 கலோரிதான். நம் ஊர்க் கடைகளில் விற்கும் பிராந்தியின் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அந்தக் கணக்கில் 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் ஆல்கஹால், அதாவது 420 கலோரிக்குக் குறையாது. ஏழெட்டு இட்லிக்குச் சமம். தினம் இரண்டு குவார்ட்டர் குடித்தவர் விட்ட மறுநாளிலிருந்து பதினைந்து இட்லியின் கலோரியை இழக்கிறார். அதில் புரதமோ வைட்டமினோ எதுவும் இருந்ததில்லை, வெறும் எரிபொருள்தான். ஆனாலும் உடல் அதற்குப் பழகியிருந்தது. இப்போது அந்த இடம் காலி. அதை நிரப்ப இருப்பதிலேயே வேகமான பொருளைக் கேட்கிறது, சர்க்கரையைக் கேட்கிறது.

இரண்டாவது காரணம் கல்லீரல். நாம் சாப்பிடாத நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடாமல் காப்பது அதுதான். சேமித்து வைத்ததை எடுத்துத் தரும். அது தீர்ந்தால் புதிதாகத் தயாரித்தும் தரும். ஆல்கஹால் உள்ளே வந்துவிட்டால் அதை உடைப்பதே முதல் வேலையாகிவிடுகிறது, சர்க்கரை தயாரிப்பு தடைபடுகிறது. குடிப்பவர்கள் ஒழுங்காகச் சாப்பிடுவதும் இல்லை. காலையில் பசிக்காது, மதியம் பாதித் தட்டு, இரவு ஏதோ ஒரு பரோட்டா. குடி நின்றபிறகும் இந்தச் சாப்பாட்டு முறை மட்டும் மாறாமல் தொடர்கிறது. அதனால்தான் மாலை ஐந்து மணிக்கு மேல் உடல் சோர்ந்து, எரிச்சல் வந்து, எதையாவது இனிப்பாக வாயில் போட்டால் போதும் என்றாகிறது.

மூன்றாவது, மூளை. ஒன்று நன்றாக இருக்கிறது, இன்னும் வேண்டும் என்று உணரவைக்கும் பாதையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் வேலை செய்கிறது. பல வருடம் ஆல்கஹால் அந்தப் பாதையைப் பலமாகத் தட்டிக்கொண்டே இருந்தது. திடீரென்று தட்டல் நின்றதும் உலகமே உப்புச்சப்பில்லாமல் தெரியும். சினிமா பிடிக்காது, பேச்சு பிடிக்காது, பிள்ளையின் சிரிப்புகூட எட்ட இருந்து கேட்பதுபோல் இருக்கும். அந்த நேரத்தில் அதே பாதையை லேசாகவாவது தொடும் பொருள்களில் கையருகே கிடைப்பது இனிப்பு.

"சர்க்கரையும் ஒரு போதைதானே, இதுக்கு அது பரவாயில்லையே" என்று வீட்டில் யாராவது சொன்னால், அந்த ஒப்பீட்டை நான் ஏற்பதில்லை என்று சொல்லுங்கள். பால்கோவா தின்றுவிட்டு யாரும் வண்டியோடு லாரிக்குள் புகுந்ததில்லை. லட்டு கேட்டுப் பெண்டாட்டி தாலியை அடகு வைத்தவர் இல்லை. சர்க்கரையின் கெடுதல் மெதுவானது, அளக்கக்கூடியது, திருத்த நேரம் தருவது.

குடியை விட்டதும் இனிப்பு கேட்கும் இந்த அனுபவம் புதியதும் அல்ல. 1935-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு, 1939-இல் வெளியிட்ட தன் முதல் நூலிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறது. குடியை விட்டவர்கள் கைவசம் எப்போதும் சாக்லேட் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு மருத்துவர் தந்த யோசனை அதில் இருக்கிறது. 1975-இல் வந்த அவர்களுடைய இன்னொரு கைநூலில் இனிப்பாக எதையாவது சாப்பிடுவது பற்றித் தனி அத்தியாயமே உண்டு.

முதல் வாரத்தில் குளுக்கோஸ் ஏற்றப் போகிறீர்களா?

இனிப்பைப் பற்றிப் பேசும் முன் ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, ஆளைத் தெரியாமல் பேசுவது வரலாம். இது உயிரைப் பறிக்கக்கூடியது. ஆகவே தினக்குடியர் மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். கைநடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவை குடி நின்றதாலும் வரும், ரத்தச் சர்க்கரை இறங்கியதாலும் வரும். வீட்டில் பார்த்துச் சொல்ல முடியாது.

நம் ஊரில் உடனே செய்வது என்ன? "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா தெம்பாயிடும்" என்று தெருமுனை கிளினிக்குக்குப் போவது. இதில்தான் ஆபத்து இருக்கிறது. உடல் குளுக்கோஸை எரிக்க வேண்டுமானால் தயமின் என்ற வைட்டமின் பி1 தேவை. நெடுநாள் குடித்தவர் உடலில் அது வறண்டுபோயிருக்கும். இருக்கும் கொஞ்சத்தையும் குளுக்கோஸ் செலவழித்துவிட்டால் மூளை அடிபடும். கண் அசைவு கோணலாகும், நடை தடுமாறும், புத்தி குழம்பும். உடனே கவனிக்காவிட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகவே போய்விடலாம். குடிநோய்ச் சிகிச்சையில் தேர்ந்த மருத்துவர்கள் அதனால்தான் முதலில் பி1 ஊசி போடுகிறார்கள். எந்த கிளினிக்குக்குப் போனாலும், வெட்கப்படாமல் இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லுங்கள்: "நான் தினமும் குடித்தவன், நிறுத்தி இத்தனை நாளாகிறது. குளுக்கோஸுக்கு முன்னால் பி1 தர வேண்டுமா என்று பாருங்கள்." நோயாளி சொல்லும் நிலையில் இல்லாவிட்டால் கூட வந்தவர் சொல்ல வேண்டும். குடிப்பழக்கத்தை மறைத்துச் சிகிச்சை எடுப்பதைவிடப் பெரிய தவறு இந்த வாரத்தில் வேறில்லை.

மாலை போட்டுக்கொண்டு குடியை நிறுத்துபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஐயப்பனுக்கோ முருகனுக்கோ மாலை போட்ட நாளிலிருந்து ஒரு சொட்டுத் தொடாதவர்கள் பலரை நான் அறிவேன். அந்த உறுதியை மதிக்கிறேன். ஆனால் தினக்குடியை ஒரே நாளில் நிறுத்தி, அதே நாளில் ஒருவேளைச் சாப்பாட்டு விரதமும் தொடங்கினால் உடல் தாங்காது. மாலை போடுவதற்குப் பத்து நாள் முன்பே மருத்துவரைப் பாருங்கள். விரதத்தில் மூன்று வேளையும் சாப்பிடுங்கள். சைவமாகச் சாப்பிடலாம், எளிமையாகச் சாப்பிடலாம், பட்டினி மட்டும் கிடக்க வேண்டாம்.

நாலரை மணிச் சாப்பாடு

முதல் ஆபத்து தாண்டியபின் நீங்கள் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று: வயிற்றைக் காலியாக விடாதிருப்பது. இனிப்பு வெறியோடு சண்டை போடுவதைவிட அது பிறக்கும் நேரத்துக்கு முன்பே சாப்பிட்டுவிடுவது எளிது. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. பெரும்பாலானவர்களின் கால்கள் அங்கே நடந்தது வேலை முடிந்த ஆறு, ஏழு மணிக்கு. அந்த நேரத்தை உடல் மறக்காது. எனவே ஆறு மணி வருவதற்கு முன் நாலரை, ஐந்து மணிக்கு ஒரு சிறிய சாப்பாடு கட்டாயம் வேண்டும். டீயும் பிஸ்கட்டும் போதாது. அரை மணி நேரத்தில் கரைந்துவிடும். புரதம் இருக்க வேண்டும். அவித்த நிலக்கடலை, கொண்டைக்கடலைச் சுண்டல், முட்டை, முளைகட்டிய பயறு, தயிர் ஊற்றிய கம்பங்கூழ், இவற்றில் எது உங்கள் வீட்டில் தினமும் நடக்குமோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டட வேலை, லோடுமேன் வேலை செய்பவர்கள் மதியத் தூக்குவாளியோடு இன்னொரு சிறிய டப்பாவும் கொண்டுபோக வேண்டும். வேலை முடிந்து கை கால் கழுவியதும், சம்பளம் கைக்கு வரும் முன்பே, அந்த டப்பா காலியாகியிருக்க வேண்டும்.

காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிடுங்கள். முதல் வாரங்களில் பசியே இருக்காது. இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். காலையில் விட்ட சாப்பாடு மாலையில் இனிப்பாகத் திரும்பி வரும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பல கையேடுகள் "முட்டை சாப்பிடுங்கள், கடலை சாப்பிடுங்கள்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் மிளகுத்தூள் தூவிய அவித்த முட்டை, வெங்காயம் போட்ட மசாலாக் கடலை, உப்பு மிளகாய் தடவிய மாங்காய்த் துண்டு, பச்சைமிளகாய் ஆம்லெட், இவை எல்லாம் பாரில் உட்கார்ந்து சாப்பிட்ட சைடு டிஷ். நாக்கில் பட்டதும் கை தானாகக் கிளாஸைத் தேடும். சத்து வேண்டும், ஆனால் அந்த நினைவு வேண்டாம் என்றால் உருவத்தை மாற்ற வேண்டும். முட்டையைக் குழம்பில் போட்டுச் சோற்றோடு சாப்பிடலாம். கடலையைத் தேங்காய் துருவிப் போட்ட, பிள்ளையார் சதுர்த்திக்குச் செய்வது மாதிரியான சுண்டலாக்கலாம். கண்ணாடிக் கிளாஸுக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர். சரக்கோடு கலந்து குடித்த கோலா, சோடா எதுவோ அதை முதல் ஆறு மாதம் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதில் சர்க்கரையும் உண்டு, பழைய நினைவும் உண்டு. இனிப்புச் சோடா குடித்தால் அடங்கும் என்று நினைத்து வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டே கடைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்த இனிப்பு, எவ்வளவு?

சாப்பிட்ட பிறகும் நாக்கு இனிப்புக் கேட்டால் கொடுங்கள். கொடுப்பதை நல்லதாகக் கொடுங்கள். என் முதல் தேர்வு கடலை மிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி மிட்டாய்தான் வேண்டும் என்பதில்லை, பெட்டிக்கடை மிட்டாய் போதும். வெல்லத்தோடு கடலையும் இருப்பதால் புரதமும் கொழுப்பும் சேர்ந்து பசியை அடக்கும். எள்ளுருண்டையும் அப்படியே. கொய்யா, வாழைப்பழம், இரண்டு மூன்று பேரீச்சை நல்லவை. மார்கழி, தையில் அவித்த பனங்கிழங்கு கிடைத்தால் விடாதீர்கள். மென்று தின்ன நேரமாகும், வாய்க்கு வேலை கிடைக்கும். வாய்க்கும் கைக்கும் வேலை கொடுப்பது பாதிச் சிகிச்சை.

அரைக் கிலோ ஸ்வீட் பெட்டியை வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு, அன்றன்று வாங்குங்கள். குவார்ட்டர் வாங்கினால் குவார்ட்டரும், ஆஃப் வாங்கினால் ஆஃபும் தீர்த்தவர்கள் நாம். கையில் இருப்பதைத் தீர்க்கும் பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது.

"கருப்பட்டி உடம்புக்கு நல்லது, அது எவ்வளவு வேணாலும் சாப்பிடலாம்" என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கருப்பட்டியிலும் நாட்டுச் சர்க்கரையிலும் தாது உப்புகள் கொஞ்சம் கூடுதலாக உண்டு, மணமும் உண்டு. ஆனால் அவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். அளவு அளவுதான்.

உண்மையான கசிவு டீயில் இருக்கிறது. கடை டீயில் குறைந்தது இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை, சுமார் 10 கிராம். குடியை விட்டவர்கள் முதல் மாதத்தில் எட்டு, பத்து டீ குடிப்பது சாதாரணம். அது மட்டுமே 80 முதல் 100 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த பரிந்துரையின்படி, நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவர் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. மிட்டாயைக் குறை சொல்லும் குடும்பம் டீயைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. முதல் மாதம் கழிந்ததும் டீ மாஸ்டரிடம் "அரைச் சர்க்கரை" என்று சொல்லத் தொடங்குங்கள். இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். இரவு ஏழுக்கு மேல் டீ வேண்டாம்; ஏற்கெனவே தூக்கம் கெட்டுக் கிடக்கும் உடல் அது. தூங்காத மறுநாள் இனிப்பு இரட்டிப்பாகக் கேட்கும்.

இன்னொன்று கவனியுங்கள். சில இனிப்புகளுக்குள்ளேயே ஆல்கஹால் ஒளிந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் காலத்து பிளம் கேக்கில் ரம்மில் ஊறிய பழங்கள் இருக்கலாம். மது நிரப்பிய சாக்லேட்டுகளும் உண்டு. தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்கள் நொதித்து ஆவதால் இயற்கையாகவே ஆல்கஹால் கொண்டவை. சில இருமல் மருந்துகளும் டானிக்குகளும் அப்படி. பாட்டிலின் சீட்டைப் படியுங்கள். டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவர்கள் இதில் ஒருபோதும் அசட்டையாக இருக்கக் கூடாது. சிறிதளவு ஆல்கஹாலே முகம் சிவந்து, மூச்சு முட்டி, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழச் செய்யும்.

இருபது நிமிடம்

வேட்கை என்பது அலை. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியல் அறிஞர் ஆலன் மார்லட், வேட்கையை அடக்காமலும் அதற்கு அடங்காமலும் அலைமேல் மிதப்பதுபோல் கவனித்துக்கொண்டே கடக்கும் முறையைப் பழக்கினார். பெரும்பாலும் இருபது, முப்பது நிமிடத்தில் அது தணியும். குடிவெறிக்குச் சொன்ன முறை இனிப்புக்கும் பொருந்தும்.

மிட்டாயை எடுக்கும் முன் உங்களையே நான்கு கேள்வி கேளுங்கள். பசியா, கோபமா, தனிமையா, களைப்பா? பசி என்றால் இனிப்புக்கு முன் சோறு. கோபம் என்றால் யாரிடமாவது அதைப் பேசியாக வேண்டும். தனிமை என்றால் திண்ணைக்கோ டீக்கடைக்கோ கூட்டத்துக்கோ போங்கள். ஒரு போன் கால்கூடப் போதும். களைப்பு என்றால் படுத்துக்கொள்ளுங்கள். நான்கில் எதுவும் இல்லை, நாக்குக்கு ஆசை மட்டும்தான் என்றால் சாப்பிடுங்கள்.

சாப்பிடும்போது உட்கார்ந்து, வெளிச்சத்தில், வீட்டார் பார்க்கச் சாப்பிடுங்கள். இந்த ஒன்றில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மிட்டாய் எத்தனை தின்றீர்கள் என்பது எனக்குப் பெரிதில்லை, அதை ஒளித்தீர்களா என்பதுதான் பெரிது. பீரோவுக்குப் பின்னால், வண்டி டிக்கியில், குளியலறைப் பரணில் என்று ஒளித்து வாழ்ந்தவர்கள் நாம். ஒளிப்பதும், கேட்டால் பொய் சொல்வதும், பிடிபட்டால் கத்துவதும் குடியோடு கூடவே வளர்ந்த பழக்கங்கள். பாட்டில் போய்விட்டாலும் இவை போகவில்லை. ஒளித்துத் தின்ற மிட்டாய் இந்தப் பழக்கங்களை உயிரோடு வைத்திருக்கும். என் மேசை இழுப்பறையை நான் காலி செய்தது, "எனக்கு மிட்டாய் வேணும், வாங்கிக்கிட்டு வா" என்று என் மனைவியிடம் வாய்விட்டுக் கேட்ட நாளில்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் வாங்கி வந்து கூடத்தில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்தாள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணாதீர்கள். "இன்னிக்கு இது அஞ்சாவது" என்று சொல்லாதீர்கள். குடித்த காலத்தில் உங்களுக்கு இழைத்த கொடுமைகளுக்கெல்லாம் கணக்குத் தீர்க்க வேண்டிய கோபம் உங்களுக்குள் இருக்கும். அது நியாயமான கோபம். அதைக் கடலை மிட்டாயின் மேல் காட்டாதீர்கள். ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து நேரடியாகவே சொல்லுங்கள். முதல் மூன்று மாதம் அவருக்கு ஒரு போர் போதும். மூன்று, நான்கு கிலோ எடை ஏறினாலும் பொறுங்கள். உங்களால் செய்ய முடிந்த பெரிய உதவி அந்த நாலரை மணிச் சாப்பாட்டை நினைவுபடுத்துவது.

சர்க்கரை நோயும் கல்லீரல் பழுதும் உள்ளவர்கள்

2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. அதனால் குடியை விடும்போதே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நெடுநாள் குடி கணையத்தைக் கெடுக்கும், கெட்ட கணையம் நீரிழிவைக் கொண்டுவரும். இனிப்பு கேட்பதோடு அடங்காத தாகம், இரவில் பலமுறை சிறுநீர், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் அந்த வாரமே பாருங்கள். ரத்தசோகை உள்ள குடிநோயாளிகளுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு என்று சொல்லும் எச்பிஏ1சி தவறாகக் காட்டலாம். வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் எடுக்கும் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர் குடியை விட்டால் சாப்பாடு மாறும், எடை மாறும், மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். வியர்த்து, நடுங்கி, கண் இருண்டால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடியுங்கள், பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் சர்க்கரை மருந்து. மற்ற நேரத்தில் உங்கள் ஊன்றுகோல் மிட்டாய் அல்ல. சுண்டல், முட்டை, மோர், ஒரு கொய்யா. நாலரை மணிச் சாப்பாடு மற்றவர்களுக்கு நல்லது, உங்களுக்குக் கட்டாயம்.

கல்லீரலில் கொழுப்பு படிந்தவர்கள் பாட்டில் ஜூஸ், குளிர்பானம், சர்பத் ஆகியவற்றை விட வேண்டும். சர்க்கரையின் ஒரு பாதியான ஃப்ரக்டோஸ் அளவு மீறும்போது கல்லீரலிலேயே கொழுப்பாக மாறுகிறது. பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், பிழிந்து குடிக்காதீர்கள். கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்கு நெடுநேரப் பட்டினி பெருங்கெடுதல். சேமிப்பு இல்லாத கல்லீரல் இரவெல்லாம் தசையைக் கரைத்துக்கொண்டிருக்கும். படுக்கும் முன் ஒரு சிறிய உணவு அவர்களுக்குச் சிகிச்சையின் பகுதி. என்ன, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

மூன்று மாதத்துக்குப் பிறகு

பலருக்கு வேட்கை தானாகவே தளரும். சோற்றின் ருசி திரும்பும். இனிப்பு சில சமயம் திகட்டவே செய்யும். அப்போது குறைக்கத் தொடங்குங்கள். டீயிலிருந்து தொடங்குவதுதான் எளிது. அடுத்து இரவு இனிப்பு. விசேஷ நாள் அதிரசத்தையும் பாயசத்தையும் விட வேண்டியதில்லை. பல் மருத்துவரை ஒருமுறை பாருங்கள்; வறண்ட வாயும் மிட்டாயும் சேர்ந்தால் சொத்தை விரைவாக வரும். இனிப்புக்குப் பதில் புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்கடியில் வைத்துக்கொள்ளும் மாற்றத்தை மட்டும் செய்யாதீர்கள்.

எல்லாம் அடங்கி, நான்கு ஐந்து மாதம் கழித்துத் திடீரென்று இனிப்பு மறுபடி வெறியாகக் கேட்டால் மிட்டாயோடு நிறுத்திவிடாமல் யோசியுங்கள். பெரும்பாலும் வேலையிலோ வீட்டிலோ ஏதோ ஒன்று உங்களை அரித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கே ஆலோசகரிடமோ, உடன் குடியை விட்டவரிடமோ பேசுங்கள். யாரும் இல்லாவிட்டால் 14446 என்ற கட்டணமில்லாப் போதை மறுவாழ்வு உதவி எண் இருக்கிறது. மனநலத்துக்கு 14416 இருக்கிறது.

இந்தப் பக்கத்தை மூடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நாளை மாலை நாலரை மணிக்கு என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, வீட்டில் ஒருவரிடம் இன்றிரவே சொல்லிவையுங்கள்.